ராஜா வேட்டைக்குப் போயிருந்தார்: நல்லதங்காளை மறுபடி வாசித்தல்

1

அம்மா சொன்ன நல்லதங்காள் கதையில் மூத்த பையன் தப்பித்துவிடுவான்.

ஆறு பிள்ளைகள் கிணற்றுக்குள் போன பிறகு அவன் முறை வரும். கையை உதறிக்கொண்டு ஓடுவான். மாடு மேய்க்கிற பசங்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்வான். நல்லதங்காள் தேடிப் பார்ப்பாள், கிடைக்கமாட்டான். "ஓட்டான்டா. எங்கியோ ஓட்டான். பெரியாளாயி எங்கனா கப்பல்ல வேல செஞ்சினு இருப்பான்" என்று அம்மா முடிப்பாள். மதுரைப் பக்கத்துக் கதைக்குள் கப்பல் எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. திருவொற்றியூரில் வளர்கிற பிள்ளைக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ராத்திரியில் கடற்கரைக்குப் போனால், துறைமுகத்துக்குள் இடம் கிடைப்பதற்காகக் காத்து நிற்கிற கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். ஓடிப்போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பழைய புத்தகக் கடை ஒன்றில் 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' கிடைத்தது. வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்தே படித்தேன். கல்மண்டபம் தாண்டும்போது கிணற்றுப் பகுதி வந்தது. மூத்தவன் ஓடுகிறான். மாட்டுக்காரப் பையன்களிடம் போகிறான். அவர்களால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அவனையும் போட்ட பிறகுதான் அவள் குதிக்கிறாள். தேரடியில் இறங்க வேண்டியவன் அஜாக்ஸ் வரைக்கும் போய்விட்டேன்.

அம்மாவுக்குக் கதை தெரியாமல் இல்லை. ஆயாவின் தகரப்பெட்டிக்குள் மஞ்சள், குங்குமப் பொட்டலங்களோடு இதே புத்தகம் கிடந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான். அப்படியானால் மூத்தவன் தெரிந்தே தப்பவைக்கப்பட்டிருக்கிறான். எதற்கு? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது. போய்ச்சேர்ந்த இடம் நான் எதிர்பார்க்காதது.

2

கதை எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நல்லதங்காள் ராஜா வீட்டுப் பெண். அண்ணன் நல்லதம்பி. மானாமதுரை காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளைகள் பெறுகிறாள். நாட்டில் மழை பொய்க்கிறது. பன்னிரண்டு வருஷப் பஞ்சம். தாலி தவிர எல்லாவற்றையும் விற்றுத் தின்ற பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளியலங்காரி கதவை அடைத்துக்கொள்கிறாள். நல்லதங்காளின் கற்பு கதவைத் திறக்கிறது. அண்ணி அழுகின கேழ்வரகையும், ஓட்டைச் சட்டியையும், எரியாத பச்சை மட்டையையும் தூக்கிப் போடுகிறாள். அதிலும் கற்பின் பலத்தால் கஞ்சி வேகிறது. ஆனால் அவமானம் தாங்கவில்லை. வெளியேறி, பாழுங்கிணற்றைத் தேடிப் போகிறாள். பின்னால் வந்து சேரும் அண்ணன் நடந்ததை அறிந்து, மனைவியையும் அவள் உறவையும் பழிதீர்த்துத் தானும் மடிகிறான். சில வடிவங்களில் சிவபெருமான் வந்து உயிர் கொடுக்கிறார். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது.

'இது குழந்தைகள் கதையா?' என்று கேட்கலாம். குழந்தைகளுக்காக எழுதப்பட்ட கதை கிடையாது. ஆனால் குழந்தைகளின் காதில்தான் அதிகம் விழுந்திருக்கிறது. கூத்திலும் பாட்டிலும் இருந்த கதை அச்சுக்கு வந்தபோது, பெரிய எழுத்துப் புத்தகமாக வந்தது. கொண்டித்தோப்பு வெங்கட்ராமய்யர் தெருவில் இருந்து பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட வரிசையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ராயபுரத்தில் இருந்து நடந்து போகிற தூரம் அது. விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறவருக்கும், அப்போதுதான் படிக்கப் பழகுகிறவருக்கும் ஏற்ற எழுத்து. ஒரு பெரியவர் சத்தமாக வாசிப்பார், சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். 'இது உங்களுக்கு இல்ல, எழுந்து போங்க' என்று யாரும் துரத்தியதில்லை.

ஒரே கதையை இரண்டு உயரங்களில் இருந்து கேட்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பெரியவர் கிணற்று மேட்டில் நிற்கிற அம்மாவின் இடத்தில் இருந்து கேட்கிறார். 'ஐயோ, அவளுக்கு எப்படி மனசு வந்தது, எவ்வளவு பட்டிருந்தா இப்படிச் செய்வா' என்று அழுகிறார். பிள்ளை அவள் கையில் பிடித்திருக்கிற பிள்ளையின் இடத்தில் இருந்து கேட்கிறது. அதற்குக் கதை முழுக்க ஒரே கேள்விதான்: அடுத்து நானா?

3

பெரியவர்கள் கதையைத் திருத்துவது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் கிடையாது. உலகத்திலேயே பேர்போன திருத்தம் ஜெர்மனியில் நடந்தது.

'ஹான்சல் அண்ட் கிரெட்டல்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விறகுவெட்டி வீட்டில் சாப்பாடு இல்லை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ராத்திரியில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்கள். பசியில் தூக்கம் வராமல் படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு அது கேட்டுவிடுகிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில், பிள்ளைகளை விட்டுவிடலாம் என்று சொல்கிறவள் பெற்ற தாய். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். 'ஸ்னோ ஒயிட்' கதையிலும் இதுதான். 1812இல் மகளைக் கொல்லச் சொல்பவள் சொந்த அம்மா, 1819இல் சித்தி. அந்த முதல் பதிப்பில் அறிஞர்களுக்கான குறிப்புகள் நிறைய இருந்தன. பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகமா இது என்று கண்டனம் வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் சகோதரர்கள் கதைகளைச் சீர்செய்துகொண்டே போனார்கள். பசியால் பிள்ளையைக் கைவிடுவது இருக்கலாம், கைவிடுகிறவள் பெற்றவளாக மட்டும் இருக்கக்கூடாது என்று ஆனது.

என் அம்மாவின் திருத்தத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கிரிம் சகோதரர்கள் அம்மாவைக் காப்பாற்றினார்கள். என் அம்மா பிள்ளையைக் காப்பாற்றினாள். அவள் கதையில் நல்லதங்காள் நல்லதங்காளாகவே இருந்தாள். கிணறும் இருந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டும் கால் முளைத்துவிட்டது. ஒரு கதையைச் சொல்பவர் எந்த இடத்தில் கை வைக்கிறார் என்று பார்த்தால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியும். தாய்மை என்கிற பிம்பத்துக்கு என்ன ஆகுமோ என்று கிரிம்களுக்குப் பயம். அம்மாவின் பயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்தால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அழுகிற ஆண்கள். விறகுவெட்டிக்குப் பிள்ளைகளை விட மனசே இல்லை. வருத்தப்படுகிறான், தயங்குகிறான், கடைசியில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டும் வருகிறான். கதை முடிவில் கொடுமைக்காரி செத்துப்போயிருக்கிறாள். பிள்ளைகள் சூனியக்காரி வீட்டு ரத்தினங்களோடு வந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறார்கள். அவனிடம் ஒரு கேள்வியும் இல்லை. நல்லதம்பியும் இப்படித்தான். சில வடிவங்களில் அவன் வேட்டைக் காட்டிலேயே தங்கச்சியைப் பார்த்துவிடுகிறான். வாடி வதங்கி ஏழு பிள்ளைகளோடு நிற்கிறவளைப் பார்த்து, 'நீ வீட்டுக்குப் போம்மா, நான் பின்னாலேயே வர்றேன்' என்று அனுப்பிவிட்டு வேட்டையைத் தொடர்கிறான். அதற்கப்புறம் அவன் அழுகிற அழுகையைக் கேட்டு ஊரே சேர்ந்து அழுதது. 'ஏன்யா அப்பவே கூட வரல?' என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கேள்வி முழுக்க மூளியலங்காரி மேல்தான். அவள் பெயரையே பாருங்கள். மூளி என்றால் காதும் கழுத்தும் வெறுமையாக இருக்கிறவள். அலங்காரி என்றால் அலங்கரித்துக்கொண்டவள். ஒரு பெயருக்குள் இரண்டு வசவு. கதவைச் சாத்துவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

4

மூளியலங்காரி நல்லவள் என்று நான் வாதாட வரவில்லை. பசித்த பிள்ளைக்கு அழுகின கேழ்வரகைப் போடுகிறவள் கொடுமைக்காரிதான். ஆனால் அவள் நிற்கிற இடம் வாசல். அவளுக்குப் பின்னால் இருப்பது ராஜாவின் வீடு. அங்கே குதிரும் களஞ்சியமும் இருந்திருக்கும். பன்னிரண்டு வருஷப் பஞ்சம் தங்கச்சி ஊரில் நடக்கும்போது அண்ணன் ஊரில் வேட்டை நடக்கிறது. நடக்கிற தூரத்தில் தானியம் இருக்கிறது. இந்தக் கதையில் பெரிய விஷயம் இதுதான். அதன் மேல் ஒரு பொம்பளைச் சண்டையைத் தூக்கிப் போட்டு மூடிவிட்டார்கள்.

நல்லதங்காளின் கற்பு செய்கிற அற்புதங்களைக் கவனித்தீர்களா? கதவு திறக்கிறது. ஓட்டைச் சட்டி ஒழுகாமல் நிற்கிறது. பச்சை மட்டை பற்றி எரிகிறது. இவ்வளவும் செய்கிற கற்பு, களஞ்சியத்தை மட்டும் திறப்பதில்லை. நாளைக்கு ஒரு வேளை கஞ்சி கொண்டுவருவதில்லை. ஒரு பெண் எவ்வளவு தாங்குவாள் என்று காட்டுகிற வரைக்கும் தெய்வம் கூட வருகிறது. பங்கு கேட்கிற இடத்தில் காணாமல் போகிறது.

இதை எழுதுவதற்கு வடசென்னைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். நான் சின்ன வயதில் அங்கே நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹைதர் அலியோடு கம்பெனி நடத்திய போரில் ஊர்கள் அழிந்து, பசித்த ஜனம் சென்னையை நோக்கி வந்தபோது, 1782இல் அங்கே தொடங்கியது ஒரு கஞ்சித்தொட்டி. அதுதான் மணியக்காரர் சத்திரம். 1799இல் அதன் பக்கத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த மருத்துவமனை வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆனது. நல்லதங்காளைப் போல நடந்து வந்த எத்தனையோ பேர் வந்து சேர்ந்த வாசல் அது. என் தம்பி பிறந்ததும் அங்கேதான்.

அடுத்தது 1876 முதல் 1878 வரைக்குமான தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனம் செத்தது. அப்போது ராயபுரத்தில் இருந்து ரயில் ஓடத் தொடங்கி இருபது வருஷம் ஆகிவிட்டது. கப்பலில் தானியம் வந்து இறங்கியது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் குவிந்து கிடந்ததை, அன்றைக்கு இங்கே பத்திரிகையாளராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட பஞ்ச வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். தானியம் கண்ணுக்கு எதிரில் இருந்தது. விலைதான் எட்டவில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் எட்டு கிலோமீட்டர் கால்வாய் அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு அது.

அப்போது ராஜா எங்கே இருந்தார்? 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க, வைஸ்ராய் லிட்டன் சமஸ்தானாதிபதிகளை எல்லாம் கூட்டி விருந்து வைத்தார். கதையில் இருக்கிற வேட்டைதான் இது. பஞ்சத்தை வெறும் உணவுப் பற்றாக்குறையாகப் பார்க்கக்கூடாது, யாருக்கு உணவின் மேல் பிடி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்க்க வேண்டும் என்று அமர்த்திய சென் 1981இல் ஒரு புத்தகமே எழுதினார். நல்லதங்காள் கதையைச் சொன்ன கிழவிகள் சென்னைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் பஞ்சத்துக்கு நடுவிலே ஒரு வீட்டில் தானியம் இருந்ததையும், அதன் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லாததையும் மறக்காமல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அண்ணியைத் திட்டப் போய்விட்டோம்.

5

இனி அம்மாவின் திருத்தத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது நைனா வேலை செய்த கம்பெனி மூடப்பட்டது. கேட்டில் பூட்டு தொங்கியது, அவ்வளவுதான். வரவேண்டிய பணம் வரவில்லை. எங்கள் தெருவில் அந்த வருஷம் இரண்டு மூன்று வீட்டில் இதே கதை. ஒற்றை அறை வீடு. ராத்திரி நைனாவும் அம்மாவும் பேசுவது எனக்குக் கேட்கும். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். ஹான்சலைப் பற்றிப் பின்னால் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பாய்தான்.

ஒரு நாள் சாயந்திரம் அம்மா எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ராயபுரத்தில் இருந்த மாமா வீட்டுக்குப் போனாள். மாமா அம்மாவுக்கு நேர் அண்ணன். துறைமுகத்தில் நல்ல வேலை. அத்தை கதவைப் பாதி திறந்து, "அவரு ஊர்ல இல்லியே" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு இருபது வருஷம் எங்கள் வீட்டில் அத்தைக்கு ஒரே பெயர்தான்: மூளி.

அன்றைக்கு ராத்திரி நேராக வீட்டுக்குப் போகவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டியிருக்கிற பாறைகள் மேல் அம்மா உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி மடியில் தூங்கிவிட்டான். தங்கச்சி கதை கேட்டாள். அம்மா நல்லதங்காள் கதை சொன்னாள். அதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறாள். ஆனால் கிணற்றுக்குக் கிட்டே வந்ததும் "மீதி நாளைக்கு" என்று நிறுத்திவிடுவாள். அன்றைக்குத்தான் முதல்முறை முடிவு வரைக்கும் போனாள். அன்றைக்குத்தான் மூத்தவன் தப்பித்தான். கப்பல் வந்தது. கதை முடிந்ததும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

பெரிய எழுத்துப் புத்தகத்தைப் படித்து முடித்த அன்றைக்கு அம்மாவிடம் போய்க் கேட்டேன், ஏன் மாற்றினாய் என்று. "நீ என் கையப் புட்சிக்கினு இருந்த. மூத்தவன் செத்தான்னு எப்புடிச் சொல்றது?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஓடுறவனத் தொரத்திப் புடிக்கிறாளே, அவ பெத்தவளா? அந்த எடம் எனக்கு எப்பவுமே ஒப்பல" என்றாள். இந்தக் கதையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

உண்மையில் அந்த மூத்தவன்தான் கதையின் மனசாட்சி. மானம், அவமானம், பிறந்த வீட்டுப் பெருமை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் ஒருத்தன்தான் வாழவேண்டும் என்கிறான். நம் செய்திகளில் 'குடும்பத்தோடு தற்கொலை' என்று ஒரு சொற்றொடர் வரும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மறுபடி மறுபடி மனு கொடுத்தும் பலனில்லாத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் உயிரிழந்தது. அதில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அது திங்கள்கிழமை, மனு வாங்குகிற நாள். அந்தக் குழந்தைகள் எந்த முடிவும் எடுக்கவில்லை. 'தற்கொலை' என்ற சொல்லுக்குள் அவர்களைச் சேர்க்கவே முடியாது. அந்தப் பெற்றோரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நகர்வதும் எளிது. அத்தனை மனுக்களையும் வாங்கி வைத்தவர்கள் அப்போது 'வேட்டையில்' இருந்தார்கள். ஆனால் எவ்வளவு அடைபட்ட கதவாக இருந்தாலும், 'நான் இல்லாமல் இதுகள் எப்படிப் பிழைக்கும்' என்று பிள்ளைக்காகப் பெரியவர் முடிவெடுக்கிற அந்த இடத்தில் மூத்தவன் வந்து நிற்கிறான். பிழைப்பேன், விடு என்கிறான். இருட்டான கதையில் பெரியவர்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால், முதலில் அவன் குரலைக் கேட்பதுதான்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். நாங்கள் மாமா வீட்டில் இருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் அத்தை பின்னாலேயே வேகமாக நடந்து வந்தாளாம். முந்தானைக்குள் ஒரு பை, அதில் மூன்று படி அரிசி. "அவரு உள்ளதான் இருக்காரு அண்ணி. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாளாம்.

"இத ஏன் இத்தினி வருசம் சொல்லல?"

"அண்ணன்டா" என்றாள் அம்மா.

6

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை நல்லதங்காளுக்கு எழுதப்பட்ட பதிலாக இப்போது வாசிக்கிறேன். அவர் அப்படி நினைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி. ஏழை வீடு. பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை பேசுகிறான். இந்த ஏழை வீட்டு வாசலுக்கு, எச்சில் இலைச் சோற்றுக்காக ஒரு அனாதைச் சிறுவன் வருகிறான். உடம்பெல்லாம் சிரங்கு. அம்மா அவனை உள்ளே கூப்பிடுகிறாள். சோறு போடுகிறாள், குளிப்பாட்டுகிறாள். அவனுக்குக் கட்டிக்கொள்ளத் துணியில்லை. வீட்டில் அவள் புருஷனுக்காக வாங்கிய ஒரு புதுத் துண்டு இருக்கிறது. யோசிக்கிறாள், பிறகு கொடுத்துவிடுகிறாள். அந்தச் சிறுவனின் பெயர் ராஜா.

நல்லதங்காளில் ராஜா வீட்டில் இல்லை. இங்கே ராஜா வாசலுக்கு வருகிறான், பசியோடு. ஒரு கதையில் களஞ்சியம் இருக்கிற வீட்டுக் கதவு மூடியிருக்கிறது. இன்னொன்றில் ஒரு துண்டுக்கு மேல் ஒன்றும் இல்லாத வீட்டுக் கதவு திறக்கிறது. அழகிரிசாமி அந்தத் தாயைத் தெய்வம் ஆக்கவில்லை. துண்டைக் கொடுப்பதற்கு முன் அவள் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தை எழுதியதால்தான் அந்தக் கொடை நம்பும்படி இருக்கிறது. கற்பால் திறக்கிற கதவை என்னால் திறக்க முடியாது. தயங்கித் தயங்கித் திறக்கிற கதவு என்றால் ஒருவேளை முடியும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. பெரிய எழுத்துப் புத்தகம் என் பையில் இருந்த அதே வாரம் நடந்த ஒன்றை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. தங்கச்சி மதியம் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று தெரியும். என்னிடம் பணம் இருந்தது. பைக் மாற்றுவதற்கு வைத்திருந்தேன். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, 'மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று செய்தி அனுப்பினேன். மீட்டிங் எதுவும் இல்லை. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

இத்தனை வருஷமாக நான் இந்தக் கதையை மூத்தவனாக இருந்து கேட்டேன். கப்பலில் ஏறித் தப்பித்தவனாக என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பித்தவனுக்கு வயதாகும், அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள், அவள் பிள்ளைகளுக்கு அவன் மாமாவாக இருப்பான் என்பதை அம்மாவின் கதை சொல்லவில்லை. பிள்ளையாகக் கேட்ட கதையைப் பெரியவனாகத் திரும்ப வாசிக்கிறபோது, கதையில் நம் இடம் மாறியிருக்கிறது. பழைய இடத்திலேயே உட்கார்ந்து அழுவது சுகமாக இருக்கிறது என்பதற்காக அதை மறைத்துக்கொள்ளக் கூடாது. பஸ்ஸில் நான் தேரடியைத் தாண்டிப் போனதற்கு மூத்தவன் செத்தது மட்டும் காரணம் இல்லை. அதற்கு இரண்டு பக்கம் முன்னால் நல்லதம்பி வில்லோடு காட்டுக்குள் போகிற இடத்தை நான் அவசரமாகப் புரட்டியிருந்தேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்குத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றாள். "மீட்டிங் முடிஞ்சிதா?"